ஆறரை மணி வண்டி

கம்பெனி சீக்கிரம் விட்டதுதான் கெட்டது. அதனால்தான் எங்கள் வீட்டில் முதல் பிள்ளை தங்கவில்லை. முதலில் இதை எழுதிக்கொள். மற்றதைப் பிறகு கேள்.

அந்த ஸ்டூலில் உட்காரம்மா. ஒரு கால் ஆடும், பார்த்து. குரலைக் குறைத்துப் பேசு, உள்ளே தூங்குகிறார்கள். மருமகளிடம்தான் கேட்கவேண்டும் என்றால் இன்னொரு நாள் வா. இப்போது எழுப்ப முடியாது. நான் சொல்கிறேன், போதும்.

காலேஜில் அனுப்பினார்களா? சரி. வேலை நேரத்தைக் குறைத்தால் ஆட்களுக்கு உடம்பும் மனசும் நன்றாக இருக்குமா, இருக்காதா. இதற்கு ஒரு படிப்பு. நடக்கட்டும். என்னைக் கேட்டால் இருக்காது.

நான் மீசை முளைக்குமுன் டேனரிக்குப் போனவன். சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டினவன். பொழுது கிளம்புமுன் போவேன், இருட்டி வருவேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு? கால் விரலில் நகம் கிடையாது. மூச்சு கொஞ்சம் இழுக்கும். மூக்குக்கு வாசனை தெரியாது. அவ்வளவுதான். நன்றாகத்தான் இருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்.

மருமகள் பேர் கோகிலா. ஷூ கம்பெனியில் தையல். ஷூவின் மேல்பாகம் இருக்கிறதே, அதைத் தைக்கிற இடம். எங்கள் ஊரிலிருந்து ஒரு வண்டி நிறையப் பெண்கள் போகிறார்கள். கம்பெனி வண்டிதான். காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் ஆறரைக்குக் கொண்டுவந்து விடும். என் மகன் தணிகைவேல் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். வந்தால் தூங்குவான், போய்விடுவான். வீட்டில் நான், என் சம்சாரம், மருமகள். இவ்வளவுதான் ஆட்கள்.

கோகிலா முழுகாமல் இருந்தாள். அப்போது வந்தது இந்தச் சட்டம். சட்டம் இல்லையாம், கம்பெனியே செய்ததாம். வெளிநாட்டுக்காரன் யாரோ சொன்னானாம். இனிமேல் ஆறு மணிக்கு இல்லை, நாலு மணிக்கே வேலை முடியும், சம்பளம் அதேதான் என்று சொல்லி லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒரு லட்டு கொண்டுவந்தாள். தின்றேன். தின்னும்போதே சொன்னேன், இது எங்கேயோ கொண்டுபோய் விடும் என்று.

முதல் நாள் நாலரைக்கு வந்தாள். முகம் கழுவினாள். கூடத்தில் வெறும் சிமெண்ட் தரையில் படுத்தாள். விளக்கு வைக்கிற வரைக்கும் தூங்கினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நீயே சொல்லு. வெளிச்சம் இருக்கும்போது வீட்டு நடுவில் ஒருத்தி காலை நீட்டிப் படுத்திருந்தால் பார்க்க எப்படி இருக்கும்? தாண்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. டீக்கடையில் வேலாயுதம் வேறு விடமாட்டேன் என்கிறான்.

“இன்னா பெருசு, மருமவ நாலரைக்கே ஊட்டுக்கு வந்துடுதாமே? இனி உனக்கு சாயங்காலம் சூடா பஜ்ஜிதான்.”

“பஜ்ஜியா? குறட்டைதான்” என்றேன். சிரித்தான்கள். அவன் பெண்டாட்டியும் அதே வண்டிதான். அவன் சும்மா இருக்கவில்லை. ரெண்டாம் நாளே பீடி இலையும் தூளும் வாங்கி முறத்தில் வைத்துவிட்டான். வண்டியை விட்டு இறங்கினால் பீடி சுற்றவேண்டும். எதிர்வீட்டில் ஊதுபத்தி. ஒருத்தன் கொழுந்தியாள் பிள்ளைகள் நாலு பேரையும் கொண்டுவந்து, பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டான். ஊரில் ஒரு வீட்டில்கூட அந்த ரெண்டு மணி நேரத்தை வீணாக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் வீணாகிக்கொண்டிருந்தது.

சந்தைக்குப் போனேன். ரெண்டு எருமை பிடித்துக்கொண்டு வந்தேன்.

“மாமா, எனக்கு மாடு பழக்கமே இல்லியே” என்றாள்.

“பழகிக்க. அது ஒண்ணும் கடிக்காது.”

கயிற்றை வாங்கிக்கொண்டாள். மரியாதை தெரிந்தவள், அதைச் சொல்லவேண்டும். சம்சாரம்தான் கேட்டாள்.

“வாயும் வயிறுமா கீற பொண்ணு. ஏரிக்குள்ள எறங்கி புல் அறுத்து, கட்டு தூக்கினு வர்றதா?”

“நீ நாத்து நட்டுக்கினே மூணு பெக்கலியா?”

“பெத்தேன். மூணு பெத்தேன். இப்ப எத்தினி கீது?”

பார், எங்கே தொட்டு எங்கே போகிறாள். ரெண்டு போய்விட்டன, உண்மைதான். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் போகும். அதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஏரிக்கரை ஒரு பக்கம் வழுக்கும். புல்லுக்கட்டோடு ஏறும்போது சறுக்கிவிட்டாள். பெரிய அடி ஒன்றும் இல்லை. எழுந்து, கட்டை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து, எருமைக்குப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டது.

“ஏங்க, இவங்களுக்கு ரெஸ்ட்டே குடுக்கலியா?”

“இன்னாம்மா இப்படி கேக்குறீங்க? கம்பெனிக்காரனே ரெண்டு மணி நேரம் சீக்கிரம் விடறான்.”

“சீக்கிரம் வந்து?”

“ஊட்டுலதான் இருந்துச்சு.”

“வீட்டுல என்ன பண்ணாங்க?”

வீட்டில் என்ன பண்ணுவார்கள், வீட்டு வேலைதான் பண்ணுவார்கள். இது ஒரு கேள்வியா? டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆண்பிள்ளையாம். சம்சாரம் போய்ப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

இப்போது சொல்லு. கம்பெனி ஆறு மணி வரைக்கும் அவளை நிறுத்தி வைத்திருந்தால்? ஃபேன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். ஏரிக்கரைக்கு ஏன் போகிறாள்? ஏன் விழுகிறாள்? அதனால்தான் சொல்கிறேன். கெடுத்தது அந்த ரெண்டு மணி நேரம்.

என்ன, எழுதுவதை நிறுத்திவிட்டாய்? எழுது.

திரும்பவும் வேலைக்குப் போனாள். நாலரைக்கு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். பேச்சுதான் நின்றுபோயிற்று. கேட்டதற்கு உம், உஹும். தணிகை போன் செய்தால், “நல்லாக்கீறேன், வச்சிடறேன்.” ஒரு நாள் பால் கறக்க உட்கார்ந்தவள் எருமை வயிற்றில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிவிட்டாள். செம்பு கவிழ்ந்து பால் ஓடுகிறது. கத்தினேன்.

“நான் தூங்கல மாமா. கண்ணுதான் மூடிக்கிச்சு.”

எப்படி இருக்கிறது கதை. தூங்கவில்லையாம், கண் மூடிக்கொண்டதாம்.

கம்பெனியிலும் இதே லட்சணம்தான் என்று கேள்வி. வேலாயுதம் பெண்டாட்டிக்கு மெஷினில் விரலோடு ஊசி இறங்கிவிட்டது. அங்கே ஒரு நர்ஸ் அம்மா உண்டு. எல்லோருக்கும் ரத்தம் எடுத்து, எடை பார்த்து, ஒரு மாற்றமும் இல்லை, முன்னைவிட மோசம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினானாம். நேரத்தைக் குறைத்தும் நீங்கள் தூங்கித்தான் வழிகிறீர்கள், பழையபடி ஆறு மணியே வைத்துவிடலாமா என்று மேலே யோசிக்கிறார்கள் என்றானாம். எனக்குச் சிரிப்பு. லட்டு தின்னும்போதே சொன்னவன் நான்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை வண்டி நாலரைக்கு வரவில்லை. ஆறரைக்கு வந்தது.

“பழையபடி ஆக்கிட்டாங்களாம்” என்றாள் சம்சாரம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஊர் முழுக்க அதே பேச்சு. எல்லாப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள். பீடி முறமெல்லாம் பரணுக்குப் போயிற்று. எனக்கு மனசுக்குத் திருப்தி. ஒன்றே ஒன்றுதான் இடைஞ்சல். எருமைக்குப் புல்? சம்சாரம் அரிவாளை எடுத்தாள். எனக்கு ஏரிக்கரை ஏறினால் மூச்சு வாங்கும், அதனால் நான் போகவில்லை. அவள்தான் போனாள்.

மருமகளுக்கு உடம்பு தேறியது. நானே பார்த்தேன். கன்னம் கொஞ்சம் உப்பியது. ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். மறுபடியும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, முழுகாமல் இருக்கிறாள் என்று சம்சாரம் வந்து சொன்னாள். டீக்கடையில் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

“பாத்தியாடா வேலாயுதம்? நாலு மணிக்கு உட்டப்போ பொணம் மாதிரி இருந்துச்சு. ஆறு மணியாக்கினான், பாரு, தேறிடுச்சு. வேலைதான்டா மருந்து.”

“ஆமா பெருசு. எம் பொண்டாட்டிக்குகூட இடுப்பு வலி போயிடுச்சு. ராத்திரில சிரிச்சிப் பேசுது. எனக்கே பயமா கீது.”

கடை முழுக்கச் சிரிப்பு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ரெண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் நல்ல ஜோக்கு சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏரியைத் தாண்டி அந்தாண்டை ஒரு மாந்தோப்பு. சொந்தக்காரன் சென்னையில். காய்ப்பு இல்லாத நேரத்தில் அங்கே ஒருத்தரும் போகமாட்டார்கள். எருமை அதற்குள் நுழைந்தது, நானும் நுழைந்தேன்.

உள்ளே வண்டி நிற்கிறது. எங்கள் ஊர் வண்டி. பொழுது இன்னும் நன்றாக இருக்கிறது, ஐந்துகூட ஆகியிருக்காது. ரிப்பேர் போலிருக்கிறது என்று கிட்டே போனேன்.

மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, பெண்கள். எல்லாம் நம்ம ஊர்ப் பெண்கள். வரிசையாகப் படுத்துத் தூங்குகிறார்கள். செருப்பெல்லாம் ஒரு பக்கம், டிபன் பாக்ஸெல்லாம் ஒரு பக்கம். வேலாயுதம் பெண்டாட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சும்மா மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் செய்யவில்லை. அப்படி ஒன்றும் செய்யாத பெண்ணை நான் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

கோகிலா ஓரத்தில் இருந்தாள். ஒருக்களித்து, வயிற்றுக்கு அடியில் பழம்புடவை மடித்து வைத்து. குறட்டை விட்டாள்.

டிரைவர் வண்டிப் படியில் உட்கார்ந்து போனில் படம் பார்க்கிறான். சத்தம் வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

“பெருசு, மெதுவா. செருப்பக் கழட்டு. சருகு சத்தம் போடுது.”

“இன்னாடா இது அநியாயம்? பொம்பளைங்கள ஓட்டினு வந்து தோப்புல போட்டு வச்சிக்கீற?”

“நான் எங்க போட்டேன். அதுங்களே படுத்துக்கிச்சுங்க.”

“கம்பெனிக்குத் தெரியுமா?”

“நாலு மணிக்கு மேல கம்பெனிக்கு இன்னா?”

“நாலு மணியா? அதான் பழையபடி ஆறு மணி ஆக்கிட்டானே!”

“யாரு சொன்னது உனக்கு?”

“ஊட்டுல.”

“அப்ப ஊட்டுல போய் கேளு” என்றான். திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

கோல் கையில் இருக்கிறது. ஒரு சத்தம் போட்டால் போதும், எல்லாம் எழுந்து ஓடும். போடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இருமல் வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வர, தோப்பை விட்டு வெளியே வந்துதான் இருமினேன். ஏன் பொத்தினேன் என்று கேட்காதே. தூசி.

எருமையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சம்சாரம் கொட்டகையில் புல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே. வண்டி தோப்புல நிக்குது.”

“ஆமா.”

“தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“எத்தினி நாளா நடக்குது இந்தக் கூத்து?”

“அவ எருமை மேல தல வச்சித் தூங்கினாளே, அந்த வாரத்துலேருந்து.”

“எவ செஞ்ச ஏற்பாடு?”

“நான்தான்.”

புல்லை நறுக்குவதை நிறுத்தவில்லை. நான் சந்தைக்குப் போன ஒரு காலையில் இவள் வண்டியில் ஏறியிருக்கிறாள். கம்பெனி கேட் வரைக்கும் போயிருக்கிறாள். போகிற வழியில் எல்லாப் பெண்களிடமும் பேசியிருக்கிறாள். மேனேஜர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆறு மணியாக்கிவிட்டான் என்று எல்லோரும் ஒரே மாதிரி பொய் சொல்லவேண்டும், ஒருத்தி உளறினால் எல்லோருக்கும் போச்சு என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். டிரைவரையும் அவள்தான் கேட்டிருக்கிறாள். அவனுடைய அம்மா டேனரியில் வேலை செய்து செத்தவள். உடனே சரி என்றுவிட்டானாம். ஊர்க்கூட்டம் என்றால் வாசலில்கூட நிற்கமாட்டாள், அந்த மனுஷி.

“யாரக் கேட்டு செஞ்சே?” என்றேன்.

“யாரக் கேக்கணும்? உன் எருமையையா?”

“புல்லு நீயே அறுக்கிறியே, உனக்கு இடுப்பு…”

“நாப்பது வருசமா கேக்காத இடுப்ப இப்ப கேக்காதே.”

அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். எழ நேரம் ஆயிற்று. என் முகத்துக்கு நேரே நின்றாள்.

“போ. டீக்கடைக்கிப் போய் சொல்லு. உன் வாய் எனக்குத் தெரியும். இருவது ஊட்டுல அடி உழும். அவளும் நாளைலேருந்து நாலரைக்கே வருவா. ஏழு மாசம். ஏரிக்குள்ள எறக்கி உடு. இதுவும் போகட்டும்.”

கோபம் வந்தது. வராதா? கட்டினவன் என்று ஒரு மட்டு மரியாதை இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனேன். எல்லோரும் இருந்தான்கள். வேலாயுதம் டீயை நீட்டினான்.

“இன்னா பெருசு, மூஞ்சி ஒரு மாதிரி கீது? எங்க போய்ட்டு வர்றே?”

டீயைக் குடித்தேன். சூடு. எல்லாவனும் என் வாயையே பார்க்கிறான்.

“எருமைய தேடினு போனேன்” என்றேன்.

“கெடச்சிதா?”

“கெடச்சிது. அத்த உடு. இந்தக் கம்பெனிக்காரன் ஆறு மணி வரிக்கும் வேலை வாங்குறானே, புள்ளத்தாச்சின்னுகூட பாக்காம. அநியாயண்டா.”

“ஆமா ஆமா, அநியாயம்” என்றான்கள். ஆறரைக்கு வண்டி வந்தது. பெண்கள் இறங்கினார்கள். கோகிலா என்னைப் பார்த்ததும் தூக்குவாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், எதற்கென்று அவளுக்கே தெரியாமல். முதுகுப் பக்கம் புடவையில் ஒரு மாஞ்சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே வேலாயுதம் நிற்கிறான். நான் போய் அதைத் தட்டிவிட்டேன். மாமனார் மருமகளைத் தொடுவது எங்கள் வழக்கம் இல்லை. தட்டிவிட்டேன்.

அடுத்த சந்தையில் எருமை ரெண்டையும் விற்றுவிட்டேன். ஏரி வற்றிவிட்டது, புல் இல்லை. அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

பிள்ளை பெண். இருக்கட்டும். நல்ல எடை என்று அதே டாக்டர் சொன்னது. இந்தத் தடவை என்னைக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனியிலும் நர்ஸ் அம்மா மறுபடி எல்லோருக்கும் ரத்தம் பார்த்து, எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று சொல்லி, நாலு மணியே நிரந்தரம் ஆகிவிட்டது. பேனர் கட்டி, கேக் வெட்டி, நேரத்தைக் குறைத்ததால் தொழிலாளர் நலம் என்று யாரோ பெரிய மனுஷன் பேசினானாம். எங்கள் டீக்கடைக்குப் பேப்பர் வருவதில்லை, பிழைத்தோம். அதைப் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் நீ இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறாய். தெரியும்.

நான் சொன்னது சொன்னதுதான். நேரத்தைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புவது தப்பு. விடுவதாக இருந்தால் மரத்தடியில் விடச் சொல். இதை எழுது. ஊர் பேரை எழுதாதே. கம்பெனி பேரும் வேண்டாம். டிரைவர் பேரைக் கேட்காதே, சொல்லமாட்டேன். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது, தினமும். டீக்கடையில் வாயை விட்டாயோ, பார்த்துக்கொள்.

உள்ளே என்ன எட்டிப் பார்க்கிறாய்? கோகிலாவும் குழந்தையும் ஒரு பக்கம், சம்சாரம் ஒரு பக்கம். அவளும்தான் தூங்குகிறாள். எருமை இல்லை அல்லவா, மத்தியானத்தில் கொஞ்சம் சாய்கிறாள். சாயட்டும். வாசலில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேனே, ஒருத்தரும் உள்ளே போகமாட்டார்கள்.

கிளம்பு, நாலு மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் இருட்டித்தான். என்னம்மா இன்னும்? ஒரு பேராவது வேண்டுமா? யார் சரி செய்தார்கள் என்று போடவேண்டுமா? கம்பெனி என்று போடப்போகிறாய், அதானே? போடாதே. பேனாவைத் திற. மெதுவாகச் சொல்கிறேன், சம்சாரம் காதில் விழுந்தால் எழுந்துவிடுவாள்.

பச்சையம்மாள்.